பத்து எண்ணும் சூடு

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு ஆய்வகத்தின் மறுகோடியிலிருந்து ஓர் அலறல் கேட்டபோது மீடியாக்கா கழுவிய குடுவைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். குரல் ஆராய்ச்சிக்காரி சொட்டுவுடையது. கையைச் சுட்டுக்கொண்டுவிட்டாளோ என்று ஈரக்கையோடு ஓடினாள். சொட்டு, பாக்டீரியா வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறந்து போட்டபடி, உள்ளங்கையளவு வட்டத் தட்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

"அக்கா, முளைச்சிருக்குக்கா. எட்டு மாசம் கழிச்சு முளைச்சிருக்கு."

தேன் நிறத்தில் ஜெல்லிபோல உறைந்திருந்த அகாரின் மேல் மூன்று வெள்ளைப் புள்ளிகள். குண்டூசித் தலையளவுகூட இல்லை. வெளியாள் யாராவது பார்த்தால் இதற்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்டிருப்பார்கள். மீடியாக்கா கேட்கவில்லை. அந்தத் தட்டை ஊற்றியவளே அவள்தான். அந்த அகாரில் கலந்திருக்கும் மருந்து என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். அதன் மேல் எதுவும் முளைக்கக் கூடாது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது மீடியா அறையால். பாக்டீரியா தின்று வளர்வதற்கான சாப்பாட்டைத்தான் அங்கே மீடியா என்பார்கள். புதிதாக வருபவர்கள், "மீடியாக்காவைக் கேளுங்க" என்று யாராவது சொன்னதும் ஏதோ பத்திரிகைக்காரி போலிருக்கிறது என்று தலையைக் கோதிக்கொண்டு வந்து, ஏப்ரனும் ரப்பர் செருப்புமாக நிற்பவளைப் பார்த்து விழிப்பார்கள். பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்தில் உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கெல்லாம் சமைத்துப் போடுபவள் அவள்தான். பொடியைத் தண்ணீரில் கரைப்பாள், ஆள் உயரப் பிரஷர் குக்கர் போன்ற ஆட்டோகிளேவில் வேகவைப்பாள், ஆறவிட்டுத் தட்டுகளில் ஊற்றுவாள். யாருக்கு எது ஆகும், யாருக்கு எது ஆகாது என்பதெல்லாம் அத்துப்படி. சாப்பிட்டு முடித்த தட்டுகளும் குழாய்களும் கடைசியில் அவளிடமே திரும்பி வரும். அவற்றில் இருப்பவற்றை மறுபடியும் ஆட்டோகிளேவில் வைத்துக் கொல்வதும் அவள் வேலைதான். பிறப்பும் இறப்பும் தன் கையில் என்று பேசுகிற ரகம் இல்லை அவள். பாத்திரம் தேய்க்கிற வேலை என்றுதான் வீட்டில் சொல்லிக்கொள்வாள்.

சொட்டுவுக்குப் பெயர் வந்த கதை வேறு. அந்த ஆராய்ச்சிக்காரி தினமும் காலையில் ஒரு குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குழாயில் விடுவாள். மறுநாள் அதிலிருந்து ஒரு சொட்டு, அடுத்த குழாயில். ஞாயிற்றுக்கிழமை உண்டு, மழை உண்டு, சொந்த அண்ணன் கல்யாணத்தன்றுகூட பட்டுப்புடவையோடு வந்து ஒரு சொட்டை மாற்றிவிட்டுப் போனாள். அரைப்பட்டினி போட்டு வளர்க்கப்பட்ட அந்தப் பாக்டீரியா, தன் வம்சத்தில் ஒருமுறைகூட ஆன்டிபயாடிக்கைச் சந்திக்காமலேயே, அதைத் தாங்கும் திறமையைப் பெற்றுவிடுமா என்பதுதான் அவள் கேள்வி. மாதம் ஒருமுறை அவற்றை மருந்து கலந்த தட்டில் தடவிப் பார்ப்பாள். ஏழு மாதமும் தட்டு துடைத்துவிட்டதுபோல இருந்தது. எட்டாவது மாதம், பன்னிரண்டு தட்டுகளில் நாற்பத்தொரு புள்ளிகள்.

ஆய்வகத் தலைவி டாக்டரம்மா வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். பாராட்டு என்பதே அவர் வாயில் அத்தி பூத்தாற்போலத்தான் வரும். அன்று, "பரவாயில்லையே" என்றார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேலிடத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லப்போவதாகவும் சொன்னார். சொட்டுவுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை நீட்டிப்பு கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. சொட்டு தலைகால் புரியாமல் மீடியாக்காவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க கைராசிக்கா" என்றாள். மீடியாக்கா மறு கையையும் அவள் கை மேல் வைத்தாள்.

அன்று மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அவள் தனியாகப் போய் அந்தத் தட்டுகளைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் அவள் பார்த்ததெல்லாம் வெறும் தட்டு, இல்லாவிட்டால் குப்பைக்கு வந்த தட்டு. இப்படி நின்று பார்க்கச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஓர் உயிரிலிருந்து வந்தது என்று சொட்டு சொல்லியிருந்தாள். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரே ராத்திரியில் கோடிக்கணக்கில் பெருகிய பிறகுதான் கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிகிறது. மூடியைத் திறக்காமல் தட்டைச் சாய்த்துப் பிடித்தாள். புள்ளியின் மேல் டியூப்லைட் மினுங்கியது. நாம் தூங்கி எழுவதற்குள் இதற்குள்ளே எத்தனை தலைமுறை பிறந்து போயிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு காலமாக இதையா மூட்டை கட்டி வேகவைத்துக்கொண்டிருந்தோம் என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். எட்டு வயது. வாய் ஓயாத பெண் பேசாமல் கிடந்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்னால் மீடியாக்காவைப் படுத்தியெடுத்த அதே ஜுரம் இப்போது மகளைப் பிடித்திருக்கிறது. கஞ்சி வைக்கப் பாத்திரத்தை வெந்நீரில் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. மகள் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உன் கை ஜில்லுன்னு இருக்கும்மா. எடுக்காத."

"என் கையா? இப்பதான்டி வெந்நீர்ல பாத்திரம் கழுவிட்டு வர்றேன்."

"இல்லம்மா, ஜில்லுன்னுதான் இருக்கு."

மீடியாக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மகளின் கன்னத்தில் இருந்த தன் கையைப் பார்த்தாள். வெந்நீரில் சிவந்து, இன்னும் சூடு தணியாத கை. ஜுரக் கன்னத்துக்கு அது ஜில்லென்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஊற்றிய தட்டுகள் நினைவுக்கு வந்தன.

ஏனென்றால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்டோகிளேவிலிருந்து வரும் அகார் கொதிக்கக் கொதிக்க இருக்கும். அந்தச் சூட்டில் மருந்தைக் கலந்தால் மருந்து செத்துவிடும். ரொம்ப ஆறவிட்டால் அகார் குடுவையிலேயே உறைந்துவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் தட்டில் ஊற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான் அவகாசம். தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது, அது உடைந்து நாலு வருடம் ஆகிறது. புதிதாக வாங்க மூன்று கையெழுத்து வேண்டும், அதில் இரண்டு வந்து மூன்றாவது இன்னும் வரவில்லை. ஆனால் அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. குடுவையின் வயிற்றில் மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்துப் பத்து வரை எண்ணுவாள். ஆறிலோ ஏழிலோ கையை எடுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஆறவில்லை. பத்தும் எண்ண முடிந்தால் மருந்தை விடலாம். ஒருமுறை ஒரு பெரிய விஞ்ஞானி வந்து தன் கருவியால் அளந்து பார்த்து, ஐம்பதுக்கு ஒரு டிகிரிகூடப் பிசகவில்லை என்று வாயைப் பிளந்துவிட்டுப் போனார். பதினோரு வருடம், ஒரு தட்டுகூடச் சோடை போனதில்லை. அது அவளுக்குப் பெருமை. வெளியே சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குக் குளிர்ஜுரம். லீவு போட்டிருக்க வேண்டும். மறுநாள் சொட்டுவுக்குத் தட்டு வேண்டும், ஒரு மாதக் கணக்கு தவறிவிடும் என்று போனாள். பல் கிடுகிடுக்க மீடியா அறையில் நின்றது நினைவுக்கு வந்தது. குடுவையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. எவ்வளவு இதமாக இருந்தது! மணிக்கட்டை வைத்தாள், எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று… பத்து வரை ஒரு சிரமமும் இல்லை. இன்னும் பத்து எண்ணச் சொன்னாலும் எண்ணியிருப்பாள். குடுவை ஆறியிருந்ததா, ஜுரக் கைக்கு அப்படித் தோன்றியதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. மருந்தை விட்டாள், கலக்கினாள், ஊற்றினாள். வழக்கமாக முப்பது தட்டு ஊற்றுபவள் நிற்க முடியாமல் பதிமூன்றோடு நிறுத்திக்கொண்டாள். பன்னிரண்டு சொட்டுவுக்கு. ஒன்று வழக்கம்போலச் சாட்சித் தட்டு.

கணவன் வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் நிறுத்திச் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டான். அகார், மருந்து, சூடு எல்லாவற்றையும் அவள் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு நடுவிலே நாலு கேள்வி இருந்தது, ஒன்றையும் கேட்கவில்லை.

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. தோணுது."

"வேற யாருக்காச்சும் தோணியிருக்கா?"

"எப்படித் தோணும்? என் தட்டை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"அப்ப விட்டுடேன்" என்றான். பையை இறக்கினான். தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினான். "நான் விடமாட்டேன். சும்மா சொன்னேன். லிஃப்டைச் சரி பண்ணிட்டுச் சந்தேகமா இருந்தா நானே அதுல ஏறி மேல போய்ட்டு வருவேன். அதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியாது."

அவளுக்கும் வழி இருந்தது. அதுதான் சாட்சித் தட்டு. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் ஒரு தட்டை யாருக்கும் கொடுக்காமல் தேதி எழுதிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிடுவாள். ஏதாவது பூஞ்சை முளைத்தால் தப்பு தட்டிலா, தடவியவர் கையிலா என்று பஞ்சாயத்து வரும், அதற்காக. பதினோரு வருடத்தில் ஒரு சாட்சியும் கூண்டில் ஏறியதில்லை.

சனிக்கிழமை மதியம் சொட்டு அன்றைய சொட்டை மாற்றிவிட்டுப் பழைய குழாய்களைக் கழுவப் போட்டுவிட்டுப் போனாள். அந்தக் கூடையில் சொட்டுவின் பட்டினிக் கூட்டம் மட்டுமல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று நல்ல சாப்பாடு போட்டு வளர்க்கும் சாதாரணக் கூட்டமும் ஒரு குழாயில் இருந்தது. மருந்து பட்டால் கூண்டோடு சாகும் அப்பாவிகள். மீடியாக்கா அந்தக் குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். கலங்கிய தண்ணீர், அவ்வளவுதான் தெரிந்தது. விளக்கை ஏற்றி, சாட்சித் தட்டை எடுத்து, ஒரு துளி விட்டு, கண்ணாடிக் கம்பியால் தடவினாள். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், தன் கையால் செய்வது இதுதான் முதல் தடவை. மூடி, கவிழ்த்து, இன்குபேட்டரில் மூலையில் வைத்தாள். ஒன்றும் முளைக்காமல் இருந்தால் தன் தட்டு நல்ல தட்டு, சொட்டுவின் புள்ளிகள் உண்மையான புள்ளிகள். முளைத்தால் எல்லாம் போச்சு. வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம், முளைச்சிடாதே, முளைச்சிடாதே என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாததுகளிடம் கெஞ்சிக்கொண்டே போனாள். இத்தனை வருடம் அவற்றுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள், அதற்காகவாவது கேட்காதா என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டாள். கட்டடத்தில் குளிர்சாதனங்களின் ரீங்காரம் தவிர வேறு சத்தமில்லை. கதவைத் திறந்து தட்டை எடுத்தாள். நாலு புள்ளிகள் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினாள், நாலுதான். குட்டிக் குட்டியாக, வழவழவென்று, குற்றம் குறை சொல்ல முடியாத வட்டங்கள். அந்த நிமிடத்தில் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அடேயப்பா என்றுதான் இருந்தது. ஒரு துளிக்குள் கோடிக்கணக்கானவை செத்திருக்க, அந்தக் குற்றுயிரான மருந்துக்கும் இவை நாலு ஈடுகொடுத்து நின்றிருக்கின்றன. தன் மணிக்கட்டு செய்த தப்பு இத்தனை துல்லியமாக, நாலே நாலு என்று கணக்குச் சொல்லி எழுந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை. பயம் பிறகு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சொட்டு எட்டரைக்கு வந்தாள். மீடியாக்கா தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, மென்று விழுங்காமல், ஜுரத்திலிருந்து ஆரம்பித்து மகளின் கன்னம் வரை ஒரே மூச்சில் சொன்னாள். சொட்டு அந்தத் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வியாழக்கிழமை பிடித்த அதே ஜன்னல்.

"கண்ட்ரோல்" என்றாள். "ஒப்பிட்டுப் பார்க்கன்னு சாதாரணக் கூட்டத்தை நானும் தடவிப் பார்த்தேனே. அதுல ஒண்ணும் முளைக்கலையேக்கா."

"எந்தத் தட்டுல தடவின?"

சொட்டு தன் நோட்டைப் புரட்டினாள். தட்டு பன்னிரண்டுதான் இருந்தது. பன்னிரண்டையும் தன் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, ஒப்பீட்டுக்குப் போன மாதத்துத் தட்டு ஒன்று குளிர்பெட்டியில் மிச்சம் இருந்ததே, அதில் தடவியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. வேறு யார் ஊற்றிய தட்டாக இருந்தாலும் அவளே செய்திருக்கமாட்டாள்.

"உங்க தட்டுதானேன்னு நினைச்சிட்டேன்க்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மீடியாக்காவுக்கு அந்த வார்த்தை திட்டியதைவிட மோசமாகச் சுட்டது. பக்கத்தில் நின்று அவள் முதுகில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"என்னைத் திட்டிடும்மா. பேசாம இருக்காத."

"எட்டு மாசம்க்கா."

"தெரியும்."

"டாக்டரம்மாகிட்ட நான் சொல்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்க. வருஷக் கடைசியில உங்க வேலைக்குக் கையெழுத்துப் போடறது அவங்கதான்."

"அதெல்லாம் நானே சொல்லிக்கிறேன். என் கை, என் ஜுரம். முதல்ல உன் நாற்பத்தொண்ணைக் கொண்டா. நல்ல தட்டுல வச்சுப் பார்த்துடுவோம். செத்துப் போச்சுன்னா செத்துப் போச்சுன்னு தெரிஞ்சுட்டுப் போய்ச் சொல்லலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை இருவரும் அப்படித்தான் கழித்தார்கள். மீடியாக்கா கீழ்மாடிக்குப் போய்ப் பக்கத்து ஆய்வகத்துக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தாள். குடுவை ஆறும்போது மணிக்கட்டையும் வைத்தாள், தெர்மாமீட்டரையும் பார்த்தாள். பத்து எண்ணியபோது அது ஐம்பது காட்டியது. கை பொய் சொல்லவில்லை, ஜுரம்தான் சொல்லியிருக்கிறது. கண்ணீர் வரும்போல இருந்தது, மருந்தில் விழுந்துவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொட்டு புதுத் தட்டின் அடியில் பேனாவால் கட்டம் போட்டு நம்பர் எழுதினாள். ஒவ்வொரு புள்ளியையும் பல்குத்தும் குச்சியால் லேசாகத் தொட்டு அதன் கட்டத்தில் ஒற்றினாள். நாற்பத்தொரு குச்சி. நாற்பத்திரண்டாவது கட்டத்தில், இந்தமுறை மறக்காமல், சாதாரணக் கூட்டம். மருந்தில்லாத தட்டு ஒன்றிலும் அதே வரிசையில் எல்லாவற்றையும் ஒற்றினாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மீடியாக்கா தானே சொன்னாள். "காலையில வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மூன்று பேரும் இன்குபேட்டர் முன்னால் நின்றார்கள். மருந்தில்லாத தட்டை முதலில் எடுத்தார்கள். நாற்பத்திரண்டு கட்டமும் நிரம்பியிருந்தது, ஒன்று பாக்கியில்லை. சொட்டு அடுத்த தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து மேசையில் வைத்தாள். வெறும் தட்டு. முதல் வரிசை வெறுமை, இரண்டாவது வெறுமை. "போச்சு" என்றாள் சொட்டு. குரலில் ஆச்சரியம்கூட இல்லை.

"இரு" என்றாள் மீடியாக்கா. பதினோரு வருடம் வெறும் தட்டைப் பார்த்துப் பழகிய கண் அது. வெறுமையில் ஒரு தூசி இருந்தாலும் அதற்குத் தெரியும். "இருபத்தி மூணைப் பாரு."

இருபத்தி மூன்றாம் கட்டத்தில், குச்சி தொட்ட இடத்தில், தடிமனாக, சங்கின் உள்புறம்போல வெளுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. இருக்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி வந்ததுபோல இல்லை. மருந்தில்லாத தட்டில் அது எவ்வளவு பெரிதாக இருந்ததோ அதே அளவு. சுற்றிலும் நாற்பத்தொரு கட்டத்தில் சாவு விழுந்திருக்க, நடுவில் இது மட்டும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதுபோல இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு குனிந்தார். முப்பது வருடமாக இதையே பார்ப்பவர், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். வெளியிலிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கலாம் என்று சொல்லவந்தவர் முழுசாகச் சொல்லவில்லை. சொட்டுவின் எட்டு மாதப் பட்டினியில் பிறந்ததா, இல்லை குற்றுயிரான மருந்தைப் படியாக வைத்து இரண்டே நாளில் ஏறி வந்ததா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இருபது விதமாகச் சோதித்துப் பார்க்கும் வரை எதுவும் சொல்ல முடியாது என்றார். அதைச் சொல்லும்போதே அவர் குரல் தாழ்ந்துவிட்டது, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுகிறவர்போல.

பிறகு சொட்டுவின் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு மீடியாக்காவைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை ஊத்தும்போது குடுவை என்ன சூடு இருந்துச்சு?"

"தெரியல மேடம். எண்ணினேன். பத்து."

"உனக்கு எவ்வளவு ஜுரம்?"

மீடியாக்காவுக்குப் புரியவில்லை. "வீட்டுக்குப் போய்ப் பார்த்தப்ப நூத்தி ரெண்டு இருந்துச்சு."

டாக்டரம்மா எழுதினார். தேதி, மருந்தின் அளவு, அகாரின் அளவு, அதற்குக் கீழே: ஊற்றியவரின் உடல் சூடு, நூற்றிரண்டு. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "தெர்மாமீட்டர் கேட்டு எத்தனை வருஷமா எழுதிக் குடுத்திருக்க?"

"நாலு வருஷம் மேடம். மூணாவது கையெழுத்து பாக்கி."

"யாரோடது?"

மீடியாக்கா தரையைப் பார்த்தாள். சொட்டு ஜன்னலைப் பார்த்தாள். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"உன் விஷயம் அப்புறம் பேசலாம்" என்றார். "பதினொரு மணிக் கூட்டத்துல என்ன சொல்றதுன்னும் எனக்குத் தெரியல. முளைச்சதுன்னு சொல்லமாட்டேன். முளைக்கலைன்னும் சொல்லமாட்டேன்." கதவு வரை போனவர் திரும்பினார். "அன்னிக்கு ஊத்தின மாதிரி அதே சூட்டுல மறுபடி ஊத்த முடியுமா உன்னால? நாலஞ்சு சூட்டுல ஊத்திப் பார்க்கணும். இது எந்தப் படியில ஏறிச்சுன்னு தெரியணும்."

"ஜுரம் வரவழைச்சுக்கிட்டுத்தான் வரணும் மேடம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் மீடியாக்கா. சொட்டுவுக்கு இரண்டு நாளில் முதல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

பகல் முழுக்க மீடியா அறையில் குடுவைகள் ஆறின. எழுபதில் ஒன்று, அறுபத்தைந்தில் ஒன்று, அறுபதில் ஒன்று. எழுபதில் மணிக்கட்டை வைத்துப் பார்த்தாள், ஒன்று என்று சொல்வதற்குள் கை தானாகப் பின்வாங்கியது, தோல் சிவந்துவிட்டது. இதையா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றோம் என்று நம்ப முடியவில்லை. கூட்டத்திலிருந்து டாக்டரம்மா திரும்பவில்லை. சொட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு வராந்தாவுக்கும் மேசைக்கும் நடந்தாள். வழக்கமான சொட்டைக்கூட அன்று மீடியாக்காதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

நாலு மணிக்குப் புதுத் தட்டுகளை வைப்பதற்காக மீடியாக்கா இன்குபேட்டரைத் திறந்தாள். மறுபடி உள்ளே வைத்திருந்த கட்டம் போட்ட தட்டு கண்ணில் பட்டது. இருபத்தி மூன்று காலையில் இருந்த அளவில் இல்லை. ஓரம் அகன்று, பேனாக் கோட்டைத் தொட்டு, ஓர் இடத்தில் நகக்கண் அளவுக்குக் கோட்டைத் தாண்டி, இருபத்தி நாலாம் நம்பரின் செத்த வீட்டுக்குள் கால் வைத்திருந்தது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும்போலவும் இருந்தது. இது நல்லதா கெட்டதா என்று சொட்டுவுக்கே தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. மருந்துக்கு அடங்காத ஒன்று, தன் கையிலிருந்து, தன் ஜுரத்திலிருந்து, இந்த உலகத்துக்கு வந்திருக்கிறது. அல்லது எட்டு மாதமாக ஒவ்வொரு சொட்டாக நடந்து தானாகவே வந்திருக்கிறது.

தட்டின் பக்கத்தில், இன்குபேட்டரின் உலோகத் தட்டில், மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்தாள். வேண்டுமென்று வைக்கவில்லை, பழக்கம். உள்ளே முப்பத்தேழு டிகிரி, ஜுரம் இல்லாத ஒரு மனிதனின் சூடு. சுடுகிறது என்றும் சொல்ல முடியவில்லை, குளிர்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. தன் கை எங்கே முடிகிறது, அது எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள். வராந்தாவில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது, சொட்டு எழுந்து ஓடும் சத்தமும் கேட்டது. எட்டு, ஒன்பது, பத்து. கையை எடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே அந்த வெள்ளை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.